மூன்றாம் வகுப்பின் பூசணித் தோட்டம்

உச்சிப்புளிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் நம் தொடக்கப் பள்ளி மணலில் பனையும் தென்னையும் தவிர எதுவும் வராது என்பார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே குழி தோண்டி, ஆட்டுப் புழுக்கையும் குப்பையும் போட்டு, எங்கள் கையாலேயே பூசணி விதை ஊன்ற வைத்தார்கள்.

கொடி ஓடியது, பூவும் பூத்தது. பிஞ்சுகள்தான் வெம்பி வெம்பி விழுந்தன. ஒருநாள் மணி அடிக்கும் முன்பே எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ, அடியில் குட்டிக் காய் ஒட்டியிருப்பது பெண் பூ. வெயில் ஏறினால் இரண்டும் சுருங்கிவிடும். தேனீ வராவிட்டால் அந்த வேலையை நாமே பார்க்கலாம் என்று, ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிக் காட்டினார்கள். நான் தடவிய பூவின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினேன். அது காய்த்தது!

காம்பு காய்ந்து, நகம் இறங்காத அளவுக்குத் தோல் முற்றியதும் பறித்தோம். மீன் தராசில் எடை போட்டோம். தூண்டில் நரம்பால் சுற்றளவு பிடித்து அடிக்கோலில் வைத்துப் பார்த்தோம். தண்ணீரில் போட்டால் மிதக்குமா? இவ்வளவு கனம் மூழ்கத்தான் செய்யும் என்று கடல்தொழில் வீட்டுப் பிள்ளைகளே சாதித்தார்கள். அண்டாவில் போட்டதும் மிதந்தது. ஏன் என்று டீச்சர் சொல்லவில்லை, அறுத்துக் காட்டினார்கள். உள்ளே நடுவில் பொள்ளலாக இருந்தது. பிற்பாடு உயர்நிலைப் பள்ளியில் அடர்த்தி பாடம் வந்தபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

வழுக்கும் விதைகளைச் சாம்பலில் புரட்டி, பத்துப் பத்தாகச் சிரட்டையில் போட்டு எண்ணினோம். பத்துச் சிரட்டை ஒரு நூறு. சதை சத்துணவுச் சாம்பாருக்குப் போனது. வீட்டில் பூசணியைத் தொடாதவர்களும் அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

2007-08இல், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செய்தியைச் சிங்கப்பூரில் படித்தேன். நம் டீச்சர் எப்போதோ செய்ததாயிற்றே என்று பெருமையாக இருந்தது.

பள்ளிக்கு இந்த ஆண்டு என்ன செய்யலாம் என்று நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஸ்மார்ட் போர்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன், கிணற்றடியில் ஆடு நுழையாதபடி வேலி போட்ட ஒரு தோட்டம் வேண்டும். வேலிச் செலவு என்னுடையது. ஊரில் இருப்பவர்கள் புரட்டாசிக்குள் ஆள் வைத்து முடித்துக் கொடுத்தால், இந்த மழைக்கே விதை ஊன்றிவிடலாம்.