சிபாரிசும் அரைக் கிலோ முந்திரியும்

எங்கள் வம்சத்தில் சிபாரிசுக்காக யார் வாசலையும் மிதித்தவர் கிடையாது என்று இங்கே நான் பீற்றிக்கொண்டதையெல்லாம் நேற்றோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சின்னவளுக்குக் கோடை விடுமுறையில் ஏதாவது ஆய்வகத்தில் போய் உட்கார வேண்டுமாம். மூன்று இடத்துக்கு விண்ணப்பம். அதில் ஒன்று பெங்களூரு, டெல்லி, அலகாபாத் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துவது. பெங்களூரு அகாடமியை 1934-இல் சி.வி.ராமனே ஆரம்பித்தாராம். யார் ஆரம்பித்தால் என்ன, வாத்தியார் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது.

‘சிபாரிசுக் கடிதம்’ என்று காதில் விழுந்ததும் படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “கவுன்சிலர்கிட்ட கேட்டா லெட்டர்பேடுலயே குடுப்பாரே!” பரிந்துரை என்று திருத்தினாள் சின்னவள். “ரெண்டும் ஒண்ணுதாண்டி.”

சாரோ, “நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்” என்றுவிட்டார். தன்னைத்தானே புகழ அவளுக்கு வரவில்லை. முப்பது வருஷம் கோப்பில் குறிப்பெழுதியவன் வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை? ‘மேற்படி மாணவி நன்னடத்தை உடையவர். இவர்மீது புகார் ஏதும் நிலுவையில் இல்லை’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அப்புறம்தான் தெரிந்தது, ஓர் இடத்துக்குக் கையெழுத்து செல்லாது. சாரின் மெயிலுக்கு லிங்க் வரும், அவரேதான் ஏற்ற வேண்டும். சார் வாட்ஸ்அப்பில் தாமரைப்பூவோடு காலை வணக்கம் அனுப்புவாரே தவிர மெயில் பக்கம் போகமாட்டார். 2011-இல் தானே புயலில் போன கரண்ட்கூட ஒருநாள் திரும்பி வந்தது. சாரிடமிருந்து பதில் வரவில்லை. மழை லீவு வேறு. கடைசி நாள் நேற்று.

வண்டியை எடுத்தேன். “வெறுங்கையோடவா போவீங்க?” என்று இவள் பண்ருட்டி முந்திரி அரைக் கிலோவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு நீட்டினாள். லஞ்சம் ஆகாதா என்றேன். “பச்சையா குடுத்தாதான் லஞ்சம். நெய்யில வறுத்து மிளகு போட்டுட்டா பலகாரம்.”

ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பள்ளத்துக்குப் பள்ளம் டப்பா என் முதுகில் இடிக்க, லாஸ்பேட்டையில் சார் வீட்டைப் பிடித்தோம். லிங்க் ஸ்பாமில் கிடந்தது, லாட்டரிக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவில். என் கடிதத்தைப் படித்துவிட்டு, “பாஸ்போர்ட்டுக்கு நல்லா இருக்கும் சார்” என்றார். மாணவி பார்க்கக் கூடாது என்று எங்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். ஒற்றை விரலில் முக்கால் மணி நேரம் டொக், டொக். தட்டச்சும்போது வாய்விட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்கு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

“லேப்ல லென்ஸ் வெச்சுச் செய்யற நியூட்டன் வளையச் சோதனைல நடுப்புள்ளி கறுப்பா வரணும். இவளுக்கு வெள்ளையா வந்துச்சு. மத்த பசங்க கறுப்புன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. இவ வெள்ளைன்னே எழுதிட்டு, ஏன் சார்னு நின்னா. சாயங்காலம் வரைக்கும் லென்ஸைத் துடைச்சா. தூசி.”

வீட்டில் ஒரு டம்ளர் துடைத்தவள் இல்லை. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்திரியை மட்டும் சார் தொடவில்லை.

பாண்டியிலிருந்து இருட்டியபிறகு பையோடு திரும்புகிறவனை எல்லையில் விடுவார்களா? “எதுக்குப் போனீங்க?” என்றார் ஏட்டு. வாய் தவறி, “சிபாரிசுக் கடிதம் வாங்க” என்றேன். “எந்த மினிஸ்டர்?” சின்னவள் விளக்கினாள். ஏட்டின் பெண் பிளஸ் ஒன்னாம். தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் டப்பா திறக்கப்பட்டது. மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் வண்டியை ஓரங்கட்டி முடித்தோம்.

வாசலிலேயே இவள் பிடித்துக்கொண்டாள். “சாருக்குப் பிடிச்சுதா?”

“மிளகு கொஞ்சம் தூக்கல்னார்” என்றேன். வெள்ளையை வெள்ளை என்றே எழுதுகிறவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டேன்.