மகமைக் கணக்கு

ஈரோட்டு மஞ்சள் மண்டிகளில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தொகையை விட, அது எந்தப் பத்தியில் ஏறுகிறது என்றுதான் என் கண் தேடும்.

முன்பு வேலை பார்த்த மண்டியில் இரண்டு பங்காளிகள். கமிஷனில் இளையவருக்கு நாலணாப் பங்கு. மகமையில் கிடையாது, அது கோயிலுக்கென்று விவசாயியிடம் பிடிக்கும் தொகை. ஒரு வருடம் பெரியவர் கமிஷனைக் குறைத்து, குறைத்த அளவுக்கு மகமையை ஏற்றச் சொன்னார். விவசாயிக்குப் பிடித்தம் அதேதான். கோயில் தர்மகர்த்தாவும் பெரியவரே! பேரேடு எழுதியவன் நான். இளையவருக்கு விஷயம் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று.

2021 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் செய்தியைப் படித்தபோது அந்தப் பேரேடுதான் நினைவுக்கு வந்தது. பெட்ரோல் லிட்டருக்கு மத்திய கலால் அதுவரை 32.98 ரூபாய்; பிறகு 32.90. பங்க்கில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உள்ளே அடிப்படைக் கலால் 2.98-லிருந்து 1.40 ஆயிற்று. சர்சார்ஜ் வகையான சிறப்புக் கூடுதல் கலால் 12-லிருந்து 11. வேளாண் உள்கட்டமைப்பு செஸ், அதாவது அந்தக் காரியத்துக்கென்றே வாங்கும் வரி, என்று 2.50 புதிதாக முளைத்தது. சாலை செஸ் 18 அப்படியே. மாநிலங்களுக்குப் பங்கு அந்த 1.40-இல் மட்டும்தான். செஸ்ஸும் சர்சார்ஜும் பங்கீட்டில் சேராது என்கிறது அரசியல் சட்டத்தின் 270-வது பிரிவு.

சும்மா இருக்க முடியாமல் கணக்குப் போட்டேன். மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுவின் 41 சதவீதப்படி எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. அதில் அப்போது தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். என் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஊற்றிய ஒரு லிட்டருக்கு இரண்டேகால் காசு, கொஞ்சம் கூட.

மாநில அரசு தன் வரியைத் தனியே வாங்கிக்கொள்கிறது, அதுவும் சின்னத் தொகை இல்லை. 2021 ஆகஸ்டில் அதில் மூன்று ரூபாய் குறைத்தார்கள்.

“செஸ் பணத்தில் ரோடு போடுகிறார்களே மாமா?” என்கிறார் மாப்பிள்ளை. போடட்டும். எந்த ஊருக்கு ரோடு என்று முடிவு செய்வது யார் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் இளையவர் சண்டை போட்டு ஒப்பந்தத்தை மாற்றி எழுத வைத்தார். மகமைக்கு வரம்பு வந்தது. ஒரு மதியமும் ஒரு முத்திரைத்தாளும் போதுமாக இருந்தது. 270-வது பிரிவைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.