எங்க பட்டறைக்கு பிஎஃப் வந்த கதை (20 பேர் ஆனதும் என்னென்ன பண்ணோம்)

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைல 6 வருஷமா கணக்கு பாக்குறேங்க. பம்ப் பார்ட்ஸ் மெஷினிங் வேலை. 10 பேர் ஆனப்பவே இஎஸ்ஐ போட்டாச்சு, அது பழகிடுச்சு. 2023ல நைட் ஷிஃப்ட் ஆரம்பிச்சு ஆள் கூடினதும் தான் பிஎஃப் விஷயம் வந்துச்சு, அதுல பட்டதை எழுதுறேன், சின்ன கம்பெனில சம்பளம் போடுறவங்களுக்கு உதவும்.

முதல் குழப்பமே தலை எண்றதுல தான். 20 பேர் ஆனா பிஎஃப் கட்டாயம். மஸ்டர்ல (வருகைப் பதிவேடு) 17 பேர், அதனால நமக்கு பிஎஃப் இல்லைன்னு ஓனர் நெனச்சுட்டு இருந்தாரு. ஆனா காண்ட்ராக்டர் மூலமா வந்த 3 ஒடிசா பசங்களையும் சேத்துத் தான் எண்ணணும்னு ஆடிட்டர் சொன்னாரு. ஆக 20. ஒருதடவ உள்ள வந்துட்டா அப்புறம் ஆள் கொறஞ்சாலும் கட்டிட்டே தான் இருக்கணும்.

அடுத்தது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். பக்கத்து பட்டறைல யாரோ சொன்னாங்கன்னு ஓனர் வந்து, 14,000 சம்பளத்துல பேசிக் 7,000, மீதிய ஸ்பெஷல் அலவன்ஸ்னு போட்டுட்டா பிஎஃப் பாதியாயிடும்லன்னு கேட்டாரு. 2019 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, எல்லாருக்கும் ஒரே மாதிரி மாசாமாசம் குடுக்குற அலவன்ஸையும் பிஎஃப் கணக்குல சேக்கணும், வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம் மாதிரி சிலது தான் வெளிய நிக்கும். அதுக்கப்புறம் இன்னொன்னு கேட்டாரு, ஓனர் பங்கையும் சம்பளத்துல இருந்தே பிடிச்சுக்கலாமான்னு. நிறைய எடத்துல இப்படி நடக்குது, எனக்குத் தெரியும். ஆனா சட்டப்படி கூடவே கூடாது, இதுல நான் கொஞ்சம் கோவமாவே பேசிட்டேன். நல்ல மனுஷன், கேட்டுக்கிட்டாரு.

ஆளுங்ககிட்ட சொல்றது தான் கஷ்டமா இருந்துச்சு. டிரில்லிங் மெஷின்ல நிக்கிற அண்ணன் ஒருத்தர், 14,000 சம்பளம், "ஏனுங்க அம்மிணி, 1,680 ரூவா போயிருச்சுன்னா சீட்டு எப்படி கட்டறது"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி தானுங்களே. இஎஸ்ஐக்கு அவர்கிட்ட 0.75 சதவீதம், 105 ரூபா தான் போயிட்டு இருந்துச்சு, இது 12 சதவீதம். ஒரு டெலிவரி சலான் பின்னாடி எழுதிக் காட்டினேன்: உங்க 1,680, ஓனர் 1,680, அதுபோக அட்மின் சார்ஜ் 70, இன்ஷூரன்ஸ் 70 ரெண்டும் ஓனர் செலவு, அந்த இன்ஷூரன்ஸ்ல நீங்க வேலைல இருக்கறப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் வரும்னு. பேசாம சலானை மடிச்சு சட்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு.

அப்புறம் கேஒய்சி, அதாவது ஆதார், பேங்க் விவரத்தை பிஎஃப் கணக்கோட சேக்கறது. சாமி, இதுக்கு மட்டும் ரெண்டு மாசம்! நம்மூர் இனிஷியல் இருக்கே, அது தான் பிரச்சனை. ஆதார்ல முருகேசன் ப, பேங்க் பாஸ்புக்ல ப. முருகேசன், பழைய கம்பெனி குடுத்த யூஏஎன்ல (ஒரு ஆளுக்கு ஒன்னே ஒன்னுன்னு இருக்க வேண்டிய பிஎஃப் நம்பர்) முருகேசன் பழனிசாமி, மூணும் ஒரே ஆளு தான் ஆனா சிஸ்டம் ஒத்துக்காது. ரெண்டு பேர் ஆதார்ல பொறந்த வருஷம் மட்டும் இருந்துச்சு, தேதியே இல்ல. ஒடிசா பையன் ஒருத்தனுக்கு திருப்பூர்ல வேலை செஞ்சப்ப ஒன்னு, ஓசூர்ல ஒன்னுன்னு ஏற்கனவே ரெண்டு யூஏஎன், ரெண்டுலயும் பணம் இருக்குன்னே அவனுக்குத் தெரியல. அதனால சொல்றேன், ஆள் சேத்துனதுமே ஃபார்ம் 11 (முன்னாடி பிஎஃப் இருந்துச்சான்னு ஆளே எழுதிக் குடுக்குற படிவம்) எழுதி வாங்கிடுங்க, முன்னாடி யூஏஎன் இருக்கான்னு கேக்காம புதுசா போட்டுடாதீங்க, பேரை ஆதார்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து அடிங்க. ஓனரோட டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் ரெடியா வெச்சுக்கோங்க, எங்களுக்கு கேஒய்சி அப்ரூவ் பண்ண அது தேவைப்பட்டுச்சு.

மாசாமாசம் இசிஆர் ஃபைல் (யாருக்கு எவ்வளவு பிஎஃப்ங்கற லிஸ்ட்) ஏத்தி, சலான் எடுத்து, அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். நாலாவது மாசம் பில் பணம் வராம 19ஆம் தேதி கட்டினோம். 12 சதவீத வட்டி ஒரு பக்கம், அது சின்னது தான். அப்ப இருந்த ரூல்படி, ஆளுங்க சம்பளத்துல பிடிச்ச பங்கை ஒரு நாள் லேட்டா கட்டினாலும் வருமான வரில செலவா காட்டவே முடியாது, 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சுன்னு ஆடிட்டர் சொன்னப்ப தான் ஓனருக்கு உறைச்சுது. அது ஆளுங்க காசு, நம்ம கைல நிக்கவே கூடாது. இப்ப சம்பளம் போடுற அன்னைக்கே பிஎஃப் பணத்தை தனி அக்கவுண்டுக்கு மாத்திடுறோம்.

போன மாசம் டீ டைம்ல அந்த டிரில்லிங் அண்ணன் ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினாரு, அவர் பொண்ணு உமங்ங்கற கவர்மென்ட் ஆப்ல பிஎஃப் பாஸ்புக் எடுத்துக் குடுத்திருக்கு. "என் பங்கு 1,680 சரி, ஓனர் பங்குல 514 தான போட்டிருக்கு, மிச்சம் எங்கீங்க?"ன்னாரு. மூணாவது கட்டத்துல இருந்த 1,166ஐக் காட்டி, இது பென்ஷனுக்குப் போகுதுண்ணா, 10 வருஷம் சர்வீஸ் ஆச்சுன்னா 58 வயசுல இருந்து மாசாமாசம் வரும்னு சொன்னேன். அவருக்கு இப்ப 46. டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு விரல் விட்டு எண்ணிப் பாத்தாரு, "அப்ப 12 வருசம் இருக்கு, ஆயிரும்"னுட்டு மெஷினுக்குப் போயிட்டாரு.