டெல்டாவில் கனமழை நாட்கள் கூடுகின்றனவா? ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருச்சி மழைத்தரவு கைக்கு வந்ததும் பலரும் நேரே மான்-கெண்டால் சோதனையை (ஆண்டுகள் செல்லச் செல்ல எண்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று பார்ப்பது) ஓட்டிவிடுகிறார்கள். பாதித் தவறு அதற்கு முன்பே, நாட்களை எண்ணும்போதே நடந்துவிடுகிறது.

இந்திய வானிலைத் துறையின் அளவுகோலையே வையுங்கள்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. அளவெடுப்பது காலை 8.30க்கு, ஆகவே ஒரு தேதிக்கு நேரே இருப்பது பெரும்பாலும் முந்தைய நாள் பெய்த மழை. விடுபட்ட நாளில் பூஜ்யம் போடவே கூடாது. பழைய ஆண்டுகளின் நவம்பரில் அப்படிப் போட்டால், இல்லாத ஏறுமுகம் தானாக முளைக்கும்.

ஒரே தாழ்வு மண்டலம் மூன்று நாள் கொட்டினால் அது மூன்று நாளா, ஒரு நிகழ்வா? 'எத்தனை முறை' என்பதே உங்கள் கேள்வி என்றால், அடுத்தடுத்த நாட்களை ஒரே நிகழ்வாகச் சேர்த்து எண்ணுங்கள்.

இனி சோதனை. 30 ஆண்டுத் தரவில், சம மதிப்புகள் இல்லையென்றால், எஸ்-இன் (பிந்தைய ஆண்டு கூடுதலாக உள்ள ஜோடிகளின் எண்ணிக்கையிலிருந்து, குறைவாக உள்ள ஜோடிகளைக் கழித்தால் வருவது) மாறுபாடு 30×29×65÷18, அதாவது சுமார் 3142. 5% அளவில் போக்கு உண்டு என்று சொல்ல எஸ் குறைந்தது 111 வேண்டும். ஆனால் கனமழை எண்ணிக்கை 0, 1, 2 என்றே திரும்பத் திரும்ப வரும். சம மதிப்புகளுக்கான திருத்தம் கட்டாயம். செய்தாலும் சென் சாய்வு (ஆண்டு ஜோடிகளின் சாய்வுகளில் நடு மதிப்பு) பல நேரம் பூஜ்யத்திலேயே நிற்கும். போக்கு இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

அதனால் எண்ணிக்கைக்குப் பாய்சான் ரெக்ரஷனே (0, 1, 2 போன்ற எண்ணிக்கைகளுக்கான மாடல்) பொருத்தம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அளவெடுத்த நாட்களின் லாகரிதத்தை ஆஃப்செட்டாக (கெழு 1 என்று நிலைநிறுத்திய உறுப்பாக) கொடுத்தால் சிறு இடைவெளிகள் சரியாகும். ஆண்டுக்கான கெழு (லாகரித அளவில்) 0.012 வந்தால், பத்தாண்டுக்குச் சுமார் 13% கூடுகிறது என்று படியுங்கள். பியர்சன் கை-வர்க்கத்தை (மாடலின் கணிப்பிலிருந்து தரவு விலகும் அளவு) டிகிரி ஆஃப் ஃப்ரீடமால் (ஆண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து கெழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தது) வகுத்துப் பாருங்கள். 1-ஐ நன்றாகத் தாண்டினால் நெகட்டிவ் பைனாமியலுக்கு (எண்ணிக்கை கூடுதலாகச் சிதறுவதை அனுமதிக்கும் மாடல்) மாறுங்கள். மாறாவிட்டால் பிழை எல்லை பொய்யாகச் சுருங்கும்.

எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிட வெப்பமாகும்) ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பொதுவாக வலுப்படும் என்பதால் எல் நினோ குறியீட்டையும் மாடலில் சேருங்கள். நாகையும் காரைக்காலும் ஒரே புயலில் நனைபவை. இரண்டிலும் போக்கு வந்தால் இரண்டு சான்றாகக் காட்டாதீர்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தொடக்க ஆண்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நிஷா (2008), கஜா (2018) புயல் ஆண்டுகளை ஒவ்வொன்றாக நீக்கியும், தொடக்கத்தை ஐந்தைந்து ஆண்டு நகர்த்தியும் கிடைத்த கெழுக்களை ஒரே அட்டவணையில் போட்டுக் கையில் வைத்திருங்கள்.