வேர்டு இல்லாமல் வேர்டு கோப்பு கொடுத்த கதை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் பழைய மடிக்கணினியில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11-க்கு அது தகுதி பெறவில்லை. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போட மனம் வராமல் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். வைஃபை, அச்சுப்பொறி, தமிழ்99 விசைப்பலகை எல்லாம் ஒரே மாலையில் சரியாகிவிட்டன. தலைவலி, எனக்கு வேலை கொடுக்கும் மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து வந்தது.

மருந்து ஆய்வுகளில் சேர்பவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. இரண்டு பத்தி அட்டவணை, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். எல்லாம் முன்பே வடிவமைத்த வேர்டு கோப்பாக வரும். லினக்ஸில் ஓடும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்து, முடித்து அனுப்பினேன். மறுநாள் காலையே பதில்: "கையொப்பப் பெட்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. தயவுசெய்து வேர்டில் செய்து அனுப்பவும்." என்னிடம் வேர்டு இல்லை, லினக்ஸ் என்று எழுதினேன். ஒருங்கிணைப்பாளர் பெருந்தன்மையோடு பதில் போட்டார்: "பரவாயில்லை சார், 2016 பதிப்பு இருந்தாலும் போதும்."

கோளாறு எழுத்துருவில் இருந்தது. கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடியா என்று அதே அகலத்தில் மாற்று எழுத்துருக்கள் லினக்ஸில் உண்டு. அதனால் ஆங்கிலப் பத்தி ஒரு வரிகூட நகரவில்லை. தமிழுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. படிவத்தைத் தயாரித்தவர் ஆங்கில எழுத்துருவை மட்டும் குறித்துவிட்டு, தமிழை வேர்டின் போக்குக்கு விட்டிருந்தார். வேர்டு தானாகவே லதா என்ற தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டிருந்தது. லிப்ரே ஆபிஸ் தன்னிடம் இருந்த லோஹித் என்ற எழுத்துருவைப் போட்டு, அந்தப் பெயரையே கோப்பிலும் எழுதி வைத்துவிட்டது. எதிர்முனைக் கணினியில் லோஹித் இல்லை. வேறு ஏதோ எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகளின் உயரத்தை மாற்றிவிட்டது.

இதற்கு வழி இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸில் தமிழ் எழுத்துருவுக்குத் தனிக் கட்டம் உண்டு. ஆங்கிலத்துக்கான கட்டத்தில் எதை மாற்றினாலும் தமிழ் அசையாது. அந்தத் தனிக் கட்டத்தில் லதா என்ற பெயரை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயரை ஏற்றுக்கொள்ளும். திரையில் வேறு உருவம் தெரியும். கவலை வேண்டாம், லதா நிறுவியுள்ள விண்டோஸில் திறக்கும்போது லதாவே வரும்.

அனுப்பும் முன் பக்க அமைப்பைச் சோதிக்க, உலாவியில் ஓடும் இலவச வேர்டு போதும். ஆனால் என் ஒப்பந்தப்படி நோயாளிகளுக்கான எந்த வாசகத்தையும் இணையத்தில் ஏற்றக்கூடாது. ஆகவே அதே அளவில் நானே ஒரு வெற்று அட்டவணை போட்டு, நாளிதழ்ச் செய்தி ஒன்றை நிரப்பி ஏற்றிப் பார்த்தேன். மழை எச்சரிக்கையின் கீழே கையொப்பப் பெட்டி ஒழுங்காக நின்றது. அதே அமைப்போடு அனுப்பிய படிவம் மறுபேச்சின்றி ஏற்கப்பட்டது.

வென்றுவிட்டேன் என்று நினைத்தபோது பில் வந்து நின்றது. அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு நிரப்பி அனுப்பச் சொல்லும் பில் படிவம் ஓர் எக்செல் கோப்பு. நடுவில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் ஓட வேண்டிய மேக்ரோ என்ற குட்டி நிரல் பின்னால். லிப்ரே ஆபிஸில் பொத்தான் தெரிந்தது, அழுத்தினால் சலனமில்லை. உலாவியில் ஓடும் எக்செல், மேக்ரோவைக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கும், ஆனால் ஓட்டாது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாகப் பழைய ஆபிஸ் பதிப்புகளை ஓட்டுபவர்கள் உண்டு; அதற்கும் முதலில் அந்தப் பழைய பதிப்பு கையில் இருக்க வேண்டும். கணினிக்குள் கணினியாக ஓடும் மெய்நிகர் கணினியில் விண்டோஸ் போடலாம் என்றால் அதற்குத் தனி உரிமம், என் நான்கு ஜி.பி. நினைவகத்தில் மூச்சுத் திணறல் வேறு.

லினக்ஸுக்கு ஆபிஸ் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2019 டிசம்பரில் கூட்ட, உரையாடல் செயலியான டீம்ஸை மட்டும் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது, 2022 இறுதியில் அதையும் விலக்கி உலாவிக்கு அனுப்பிவிட்டது. என்னைக் கேட்டால், கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேர்டின் மேல் எந்த ஆசையும் கிடையாது. கோப்பை வாங்கும் மேசைக்காகத்தான் கேட்கிறார்கள். லிப்ரே ஆபிஸின் ஓ.டி.எஃப். கோப்பு வடிவம் 2006-லேயே ஐ.எஸ்.ஓ. தரமாகிவிட்டது, வேர்டே அதைத் திறக்கும். அனுப்பிப் பாருங்கள், "கோப்பு கெட்டுவிட்டது" என்று பதில் வரும்.

கடைசியில் கணக்குப் பிரிவுக்கே தொலைபேசியில் பேசினேன். அந்தப் பொத்தான் என்னதான் செய்கிறது என்று கேட்டேன். சற்று நேரம் கழித்துச் சொன்னார்கள்: தொகையை எழுத்தால் எழுதுமாம். நானே தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக அனுப்பட்டுமா என்றேன். "தாராளமாக அனுப்புங்கள் சார், நாங்களும் அதை அச்செடுத்து வேறு மென்பொருளில் திரும்ப அடிக்கத்தான் போகிறோம்."

பத்து சதவீத வரிப் பிடித்தம் போகப் பணம் வந்துவிட்டது. உங்களுக்கும் மேக்ரோ வைத்த கோப்பு வந்தால், எதையும் நிறுவும் முன் அந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.