வீட்டுக் கடனை அடைக்க முதலீட்டை விற்கும்போது வரிக் கணக்கு எப்படிப் போடுவது

கடனை அடைக்கத்தானே விற்கிறேன், அதற்கும் வரியா என்று பலர் கேட்கிறார்கள். ஆமாம், அதற்கும் வரிதான். பங்கையோ ஃபண்ட் யூனிட்டையோ விற்ற அன்றே ஆதாயம் கணக்கில் ஏறிவிடும். பணம் கடனுக்குப் போனதா, வங்கியில் தூங்குகிறதா என்பதை வரிச்சட்டம் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. பழைய கடனுக்குக் கட்டியதைச் செலவாகக் காட்டி ஆதாயத்திலிருந்து கழிக்கவும் வழியில்லை. ஆறுதல் ஒன்று உண்டு: விற்ற தொகை முழுவதற்கும் வரி கிடையாது, அதற்குள் இருக்கும் லாபத்துக்கு மட்டும்தான்.

அதனால் முதலில் தெரிய வேண்டியது, விற்கப்போகும் தொகையில் லாபத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்பது. கடனை அடைக்க 10 லட்சம் வேண்டும், லாபப் பங்கு 40%, வரி 15% என்று வைத்துக்கொள்வோம். விற்கும் ஒவ்வொரு 100-க்கும் 6 வரிக்குப் போகும். எனவே 10 லட்சத்தை 0.94-ஆல் வகுக்க வேண்டும்: 10,63,830-க்கு விற்றால்தான் வரி போக 10 லட்சம் நிற்கும். சரியாக 10 லட்சத்துக்கு விற்று அத்தனையையும் கடனில் போட்டுவிட்டு, சில மாதம் கழித்து வரி கட்டக் கையில் காசில்லாமல் தனிநபர் கடன் வாங்குவது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் கூத்து. குறைந்த வட்டிக் கடனை அடைக்க அதிக வட்டிக் கடன்!

இனி, எந்த யூனிட்டை விற்பது? பெரிய மிச்சம் இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன அதே 10 லட்சத்தை, லாபப் பங்கு 70% உள்ள பழைய முதலீட்டிலிருந்து எடுத்தால் வரி 1,17,318. லாபம் 10% மட்டுமே உள்ள ஒன்றிலிருந்து எடுத்தால் 15,228. ஒரே கடன், ஒரே கை, ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

ஆனால் இதில் எவ்வளவு சுதந்திரம் என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் எந்தத் தேதியில் வாங்கிய பங்கு என்று குறிப்பிட்டே விற்கலாம். தரகர் தளத்தில் எதையும் தேர்வு செய்யாமல் விட்டால் பங்குகளில் முதலில் வாங்கியதே முதலில் போகும். பெரும்பாலும் அதில்தான் லாபம் அதிகம். இந்தியாவில் டிமேட்டில் (மின்னணுப் பங்குக் கணக்கில்) உள்ள பங்குக்கும் ஃபண்ட் யூனிட்டுக்கும் முதலில் வாங்கியது முதலில் என்பதே விதி. கனடாவில் சராசரி விலைதான். பிரிட்டனிலும் ஒரே நிறுவனப் பங்குகள் பொதுவாக ஒரே குவியலாகச் சராசரி விலையில் கணக்கிடப்படும். அங்கெல்லாம் யூனிட்டைத் தேர்வு செய்ய முடியாவிட்டாலும், எந்த ஃபண்டை, எந்த நிறுவனப் பங்கை விற்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

மாதத் தவணையில் முதலீடு செய்தவர்கள் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக வயது எண்ணப்படும். இந்தியப் பங்கு ஃபண்டில் 12 மாதம் தாண்டிய யூனிட்டுகளின் ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் போக மீதிக்கு 12.5%; தாண்டாதவற்றுக்கு 20%. ஐந்து வருடமாகப் போடும் ஃபண்ட்தானே என்று மொத்தத்தையும் ஒரே நாளில் விற்றால், கடைசி 12 தவணைகள் குறுகிய கால ஆதாயத்தில் சிக்கும். பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் சேரும். அந்தக் கடைசித் தவணைகளை மட்டும் விட்டுவிட்டு விற்பதே புத்திசாலித்தனம்.

ஈவுத்தொகையை மறுமுதலீடு செய்திருந்தால் அந்தத் தொகையும் வாங்கிய விலையில் சேரும். ஈவுத்தொகைக்கு ஏற்கெனவே வரி கட்டியாயிற்று. அதை வாங்கிய விலையில் சேர்க்க மறந்தால் அதே பணத்துக்கு இரண்டாம் முறையும் வரி கட்டுவீர்கள்.

அவசரமில்லையென்றால் விற்பனையை இரண்டு வரி ஆண்டுகளாகப் பிரித்துவிடுங்கள். இந்தியாவில் மார்ச் 31, அமெரிக்காவில் டிசம்பர் 31, பிரிட்டனில் ஏப்ரல் 5. அந்தத் தேதிக்கு முன் பாதி, பின் பாதி என்று விற்றால் ஆண்டு விலக்கு இரண்டு முறை கிடைக்கும். பிரிட்டனின் விலக்கு இப்போது 3,000 பவுண்டுதான், ஆனாலும் விடுவானேன்? அமெரிக்காவில் ஆண்டு விலக்கு என்று ஒன்றில்லை. ஆனால் தனிநபர் வருமானம் 2 லட்சம் டாலர் (கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2.5 லட்சம்) தாண்டினால் 3.8% கூடுதல் வரி வரும் என்பதால் அங்கேயும் பிரிப்பது பலன் தரும். நஷ்டத்தில் கிடக்கும் முதலீடு ஏதாவது இருந்தால், அதையும் அதே ஆண்டில் விற்று ஈடுகட்டுங்கள்.

சரி, இவ்வளவு வரி கட்டி அடைப்பது லாபமா? பலர் வரி முழுவதையும் கடன் அடைப்பதன் செலவாக எழுதிவிடுகிறார்கள். இது தப்புக் கணக்கு. என்றோ ஒருநாள் விற்கத்தான் போகிறோம் என்றால், இந்த வரி அன்றும் வரும். இப்போது கட்டுவதால் இழப்பது தள்ளிப்போடும் வசதியை மட்டுமே. முதல் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வட்டி 8%, மிச்சமாகும் கடன் தவணைப் பணமும் வரி போக அதே 8% ஈட்டுகிறது, விற்காமல் வைத்த முதலீட்டுக்கு 10 ஆண்டு கழித்து அதே 15% வரி. அப்படியானால் முதலீட்டை விற்காமல் வைத்திருப்பது ஜெயிக்க, அது ஆண்டுக்குச் சுமார் 8.6% வளர வேண்டும். வரியால் கூடும் சுமை அந்த 0.6 புள்ளிதான். கடன் வட்டிக்கு வரிச் சலுகை பெறுபவர்கள் 8-க்குப் பதில் சலுகை போக உள்ள வட்டியை வைத்துக் கணக்கிட வேண்டும்.

என் கருத்தில் 8.6-ஐ எட்டுமா என்பதை விட முக்கியமான கேள்வி, அடைத்த பிறகு கையில் என்ன மிஞ்சும் என்பது. வீட்டுக்குள் போன பணத்தைத் திரும்ப எடுக்க மறுபடியும் கடன்தான் கேட்க வேண்டும். அவசரச் செலவுக்கான பணத்தைத் தொட வேண்டியிருந்தால், பாதியை மட்டும் அடையுங்கள்.

விற்பதற்கு முன் கடன் கொடுத்தவரிடம் முடிவுத் தொகைக் கடிதம் (கடனை முழுதாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதம்) கேளுங்கள். ஆப்பில் தெரியும் நிலுவை அந்தத் தொகை அல்ல. வட்டி தினமும் ஏறும், எனவே ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்றும் பாருங்கள்: இந்தியாவில் மாறும் வட்டி வீட்டுக் கடனை அடைக்கும் தனிநபருக்கு இல்லை, ஆனால் பிரிட்டனிலும் கனடாவிலும் நிலையான வட்டிக் காலம் முடியும் முன் அடைத்தால் நல்ல தொகை போகலாம். அந்தக் காலம் முடிய மூன்று மாதமே இருக்கிறதென்றால் காத்திருப்பதே மேல்.

வரிக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிய பிறகுதான் மீதியைக் கடனுக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் ஆண்டு வரிப் பாக்கி 10,000 ரூபாய் தாண்டினால் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். ஆதாயம் வந்த பிறகு வரும் அடுத்த தவணைத் தேதிக்குள், கடைசித் தவணை மார்ச் 15; அதற்குப் பின் வந்த ஆதாயத்துக்கு மார்ச் 31-க்குள். அமெரிக்காவில் வரியை நாமே மதிப்பிட்டுக் காலாண்டுத் தவணைகளில் கட்ட வேண்டியிருக்கும். பிரிட்டனில் வரி ஆண்டு முடிந்து அடுத்த ஜனவரி 31 வரை நேரம் உண்டு. அதுவரை அந்தப் பணத்தை வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கலாம், பங்குச் சந்தையில் அல்ல.