முழங்கால் குருத்தெலும்பை அளந்த அனுபவம்

மூட்டு வலி இல்லாதவர்களின் முழங்காலில் குருத்தெலும்பு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று தெரிந்தால்தான், தேய்மானம் கண்டவர்களின் அளவை எதனோடு ஒப்பிடுவது என்பது புலப்படும். அதற்காக ஆரோக்கியமான பெரியவர்களை அல்ட்ராசவுண்ட் மூலம் அளக்கும் பணியில் நானும் இருந்தேன்.

ஓட்டமும் குதிப்பும் குருத்தெலும்பைத் தற்காலிகமாகச் சற்று மெலியச் செய்யும் என்பதால், வந்தவர்களை முதலில் ஓய்வெடுக்கச் சொல்வோம். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை இயன்றவரை மடக்க வேண்டும். கால் நீட்டியிருந்தால் முழங்கால் சில்லு தொடை எலும்பின் முன்பரப்பை மறைத்துக்கொள்ளும். மடக்கினால் அது கீழிறங்கி வழிவிடும். தொடை இறுகியவர்களுக்கு இது எளிதல்ல.

ஜெல் தடவி, ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் கைக்கருவியான ப்ரோபைச் சில்லுக்கு மேலே குறுக்காக வைத்தால், இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டை தெரியும். அதுதான் குருத்தெலும்பு. கீழ்க்கோடு எலும்பின் எதிரொலி. அதில் சிக்கல் இல்லை. மேல்கோடுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒலிக்கற்றை பரப்பின்மீது செங்குத்தாக விழாவிட்டால் அக்கோடு மங்கிவிடும். குருத்தெலும்பு எங்கே முடிகிறது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். நடுவில் பள்ளமும் இருபுறமும் மேடுமாக எலும்பு வளைந்திருப்பதால், உட்புறம், நடு, வெளிப்புறம் என மூன்று இடங்களையும் ஒரே சாய்வில் அளக்க இயலாது. மணிக்கட்டை இம்மியளவு திருப்பியதும் மேல்கோடு பளிச்சென்று எழும். அந்த நொடியிலேயே படத்தை உறையவைக்க வேண்டும்.

பெரும்பாலும் 2 மி.மீ.யை ஒட்டியே அளவு வந்தது. இத்தனை சிறிய அளவில், திரையில் அளவெடுக்க வைக்கும் குறியை வெள்ளைக் கோட்டின் மேல் விளிம்பில் வைப்பதா, கீழ் விளிம்பில் வைப்பதா என்பதே முடிவை மாற்றிவிடும். 0.2 மி.மீ. விலகினால் பத்து சதவீதம் போயிற்று! ஆகவே விளிம்பை முன்கூட்டியே முடிவுசெய்து, என் எண்களைப் பாராமல் இன்னொருவரும் அளக்கும்படி வைத்துக்கொண்டோம். என் கருத்தில், கருவியின் தரத்தைவிட இந்த ஒழுங்கே முக்கியம். எதிரொலி திரும்பும் நேரத்தைத் தடிமனாக மாற்ற, கருவி ஒலியின் வேகத்தை வினாடிக்கு 1540 மீட்டர் என்று கொள்கிறது. குருத்தெலும்பில் ஒலி அதைவிட விரைவாகச் செல்வதால், திரையில் வரும் தடிமன் உண்மையைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும்.

"என் அளவு நல்லதா?" என்று பலரும் கேட்டார்கள். ஆண்களுக்குச் சராசரியாகத் தடிமன் கூடுதல்; உடல்வாகுக்கேற்பவும் மாறும். ஆகையால் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் மறுத்துவிட்டேன்.